தனிக்குடித்தனம்

'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால், விரல்விட்டு எண்ணி மூன்று என்று சொல்லிவிடும். பைதானைக் கேட்டால் ஐந்து என்கிறது. அதன் கணக்கில் தகரம் ஒன்று, மகரம் ஒன்று, மேலே சுழிக்கும் இகரக் குறி ஒன்று, ழகரம் ஒன்று, அதன் தலையில் இருக்கும் புள்ளி ஒன்று. யூனிகோடு நம் எழுத்துகளை அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது; பைதான் அதை அப்படியே எண்ணுகிறது. அதைக் குறை சொல்ல முடியாதுதான். ஆனால் வெண்பாவுக்குத் தளை பார்க்கும் நிரல் எழுத உட்கார்ந்தவனுக்கு இந்த ஐந்து உதவாது.

இந்தத் தலைவலியை நமக்கு முன்பே பட்டவர்கள் இருக்கிறார்கள். 'எழில்' என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் அவரோடு உழைத்தவர்களும் 'ஓப்பன்-தமிழ்' என்றொரு பேக்கேஜை எழுதிப் பொதுவில் வைத்திருக்கிறார்கள். டெர்மினலில் 'பிப் இன்ஸ்டால் ஓப்பன்-தமிழ்' என்று அடித்தால் போதும். கொஞ்ச நேரத்தில் வந்து இறங்கிவிடும். பிறகு நிரலில் 'இம்போர்ட் தமிழ்' என்று ஒரு வரி. இப்போது எழுத்துகளைப் பிரித்துத் தரச் சொன்னால் த, மி, ழ் என்று சரியாக மூன்று வரும்.

நடுவில் என்ன நடந்தது? அந்தப் பேக்கேஜ் எங்கிருந்து வந்தது, என் கணினியில் எந்த மூலையில் போய் உட்கார்ந்தது, 'இம்போர்ட்' என்றதும் அதைப் பைதான் எப்படிக் கண்டுபிடித்தது? பைதான் எழுதத் தொடங்கிப் பல வருடம் வரை நான் இதையெல்லாம் கேட்டுக்கொண்டதே இல்லை. கேட்க வைத்தது ஒரு கறுப்புத் திரை. அந்தக் கதை கொஞ்சம் தள்ளி வரும்.

எங்கிருந்து வந்தது என்பது எளிது. பைதான் என்ற பெயருக்கும் மலைப்பாம்புக்கும் சம்பந்தமில்லை. 1991-ல் அதை வெளியிட்ட கைடோ வான் ரோசம், 'மான்டி பைதான்' என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவின் ரசிகர். அந்தக் குழுவின் நாடகத் துணுக்கு ஒன்றில், ஒருவர் பாலாடைக்கட்டிக் கடைக்குள் நுழைந்து வகை வகையாகப் பெயர் சொல்லிக் கேட்பார். ஒவ்வொன்றுக்கும் 'இல்லை' என்றே பதில் வரும். கடைசியில் பார்த்தால் அந்தக் கடையில் பாலாடைக்கட்டியே கிடையாது. 2003-ல் பைதானுக்கென்று பொதுக் கிடங்கு ஒன்று தொடங்கியபோது அதற்கு 'சீஸ் ஷாப்' என்றே செல்லப்பெயர் வைத்தார்கள். அப்போதைக்குப் பொருத்தமான பெயர். தொடக்கத்தில் அது வெறும் அட்டவணைதான். பேக்கேஜ் எங்கே கிடைக்கும் என்ற விவரம் இருக்கும், பேக்கேஜ் இருக்காது. அதன் முறையான பெயர் பைபிஐ. இன்று அங்கே 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பேக்கேஜ்கள் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் ஏற்றலாம், யார் வேண்டுமானாலும் இறக்கலாம்.

கிடங்கிலிருந்து வருவது பெரும்பாலும் 'வீல்' என்ற வடிவத்தில் வரும். வண்டிச் சக்கரம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பாலாடைக்கட்டியைச் சக்கரம் சக்கரமாக அடுக்கி வைப்பார்களே, அந்தச் சக்கரம். உள்ளே பார்த்தால் சாதாரண ஜிப் கோப்புதான். 2012-ல் இந்த வடிவம் வந்ததற்கு முன்பெல்லாம் நம்பை போன்ற கணிதப் பேக்கேஜை நிறுவுவது ஒரு நாள் வேலை. அதன் உள்ளே சி மொழியில் எழுதிய பகுதிகள் உண்டு. அவற்றை நம் கணினியிலேயே கம்பைல் செய்ய வேண்டும். அதற்கு வேண்டிய கருவி இல்லையென்றால் திரை நிறைய சிவப்பு வரிகள் ஓடும். வீல் வந்தபின் எங்கேயோ கம்பைல் செய்து வைத்ததைப் பிரித்துப் போடுவதோடு வேலை முடிந்துவிடுகிறது. மாவரைத்துத் தோசை சுட்டவர்களுக்குப் பாக்கெட் மாவு வந்தது போல.

அடுத்த கேள்விதான் இந்த அத்தியாயத்தின் உயிர்: பிரித்து எங்கே போடுகிறது?

பைதான் நிறுவப்பட்ட இடத்தில் 'சைட்-பேக்கேஜஸ்' என்றொரு ஃபோல்டர் இருக்கும். நிறுவும் கருவியான பிப் எல்லாவற்றையும் அதில்தான் கொட்டுகிறது. 'இம்போர்ட்' என்று எழுதும்போது பைதான் கையில் ஒரு முகவரிப் பட்டியல் வைத்துக்கொண்டு வரிசையாகத் தேடும். முதலில் நம் நிரல் இருக்கும் ஃபோல்டர், அடுத்து பைதானோடு கூடவே வரும் பேக்கேஜ்கள், கடைசியில் சைட்-பேக்கேஜஸ். கேட்ட பெயர் எங்கே முதலில் கண்ணில் படுகிறதோ அங்கேயே தேடல் நின்றுவிடும். அது சரியான ஆள்தானா என்று விசாரிக்கும் வழக்கம் பைதானுக்கு இல்லை.

ஒருமுறை ஒரு மாணவி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "சார், பைதானே ரிப்பேர் ஆயிடுச்சு. நேத்து வேலை செஞ்ச ரேண்டம் இன்னிக்கு வேலை செய்யல." தாயக்கட்டை உருட்டுவது போல ஓர் எண்ணைத் தரும் 'ரேண்டம்' என்பது பைதானோடு கூடவே வரும் பகுதி. அது கெட்டுப்போக வழியே இல்லை. அவளுடைய ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். முந்தின இரவு பயிற்சிக்காக எழுதிய கோப்புக்கு, பாடத்தின் தலைப்பையே பெயராக வைத்துச் சேமித்திருந்தாள்: ரேண்டம். பட்டியலில் முதல் முகவரி அவள் வீடு. பைதான் அவள் வீட்டு ரேண்டமைப் பார்த்ததும் தேடலை நிறுத்திவிட்டது. கோப்பின் பெயரை மாற்றினோம், சரியாகிவிட்டது. பைதான் கற்பவர்களில் பாதிப் பேர் என்றாவது ஒருநாள் இந்தப் பள்ளத்தில் விழுந்திருப்பார்கள். அண்மைப் பதிப்புகள் 'பெயரை மாற்றிப் பாருங்கள்' என்று தாமாகவே சொல்லும் அளவுக்கு இது சகஜம்.

சிறிய சம்பவம்தான். ஆனால் இனி வரும் பெரிய சிக்கல்களெல்லாம் இதே விதையிலிருந்து முளைத்தவை. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பைதான் நிரலுக்குள் ஒரு பெயருக்கு ஒரே ஆள்தான். தெருவில் இரண்டு முருகன் இருந்தால் 'கடை முருகன்', 'வாத்தியார் முருகன்' என்று பிரித்துச் சொல்லிவிடுவோம். நம்பை 1.26-உம் நம்பை 2.0-உம் ஒரே நிரலுக்குள் அக்கம்பக்கமாக இருக்க முடியாது. ஜாவாஸ்கிரிப்ட் உலகில் முடியும். அங்கே ஒவ்வொரு பேக்கேஜும் தனக்கு வேண்டிய பதிப்பைத் தன் மடியிலேயே கட்டிக்கொண்டு வரலாம். அதற்கான விலை, ஒரு சின்னப் ப்ராஜெக்டுக்கே ஆயிரக்கணக்கான கோப்புகள் வந்து குவிவது. பைதான் அந்த வழியில் போகவில்லை.

அதனால் சண்டை எப்படி வரும் என்று பாருங்கள். மூன்று வருடத்துக்கு முன் முடித்த ப்ராஜெக்ட் ஒன்று, பழைய நம்பையை நம்பி ஓடிக்கொண்டிருக்கிறது. இன்று தொடங்கும் ப்ராஜெக்டுக்குப் புதிய நம்பை வேண்டும். பிப்பிடம் கேட்டால் பழையதைத் தூக்கிவிட்டு அதே இடத்தில் புதியதை வைக்கும். புதிய ப்ராஜெக்ட் ஓடும், பழையது படுத்துவிடும். 2024 ஜூனில் இது பெரிய அளவில் நடந்தது. 2006-க்குப் பிறகு முதல் முறையாக நம்பை தன் முதல் எண்ணை மாற்றி 2.0 ஆனது. பழைய நம்பைக்காகக் கம்பைல் செய்திருந்த பல பேக்கேஜ்கள் அதனோடு ஒத்துப்போகவில்லை. எந்தப் பதிப்பு என்று குறிப்பிடாமல் வெறுமனே 'நம்பை' என்று எழுதி வைத்திருந்தவர்கள், தங்கள் நிரலில் ஒரு வரியைக்கூடத் தொடாமலேயே உடைந்த நிரலைப் பார்த்தார்கள்.

இப்போது கறுப்புத் திரை. என்னிடம் இருந்தது லினக்ஸ் மடிக்கணினி. அதில் வந்த பைதான் பழையது. எனக்குப் புதியது வேண்டியிருந்தது. பழையதை நீக்கிவிட்டுப் புதியதை வைப்போம் என்று முடிவெடுத்தேன். நீக்கு என்றதும் 'இவற்றையும் சேர்த்து நீக்கட்டுமா' என்று கேட்டு ஒரு நீளப் பட்டியல் வந்தது. படிக்காமல் ஆமாம் என்று தட்டினேன். திருப்பித் துவக்கியபோது ஐகான்கள் இல்லை, சன்னல்கள் இல்லை. கறுப்புத் திரையும் கண்சிமிட்டும் ஒரு கோடும்தான் மிச்சம். அந்தப் பைதான் எனக்காக வைக்கப்பட்டது அல்ல. லினக்ஸ் தன் சொந்த வேலைகளுக்காக வைத்திருந்தது. அதை நம்பி நின்ற அத்தனையும் அதன் பின்னாலேயே போய்விட்டன. படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது நான். வேறு யாரையும் குற்றம் சொல்ல வழியில்லை.

லினக்ஸ் விநியோகங்கள் கூட்டுக்குடும்பம் மாதிரி. டெபியனில் ஒரு பேக்கேஜுக்கு வழக்கமாக ஒரு பதிப்புதான். அதைத்தான் எல்லோரும் பயன்படுத்த வேண்டும். ஒரே உலை, ஒரே குழம்பு. பாதுகாப்புக் கோளாறு தெரிந்தால் ஓரிடத்தில் சரிசெய்தால் போதும். நிர்வாகம் செய்பவருக்கு இது நிம்மதி. நிரல் எழுதுபவருக்கோ போன வாரம் வந்த பதிப்பு உடனே வேண்டும். அவர் பிப்பை எடுத்துக்கொண்டு பொது அடுக்களைக்குள் நுழைவார். இருபது வருடமாக நடக்கும் குடும்பச் சண்டை இது. 2023-ல் வந்த டெபியன் 12 கதவில் தாழ்ப்பாள் போட்டது: பொதுப் பைதானுக்குள் பிப் கொண்டு எதையாவது நிறுவப் போனால், 'இது வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் இடம்' என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடும். மீறித்தான் ஆவேன் என்பவர்களுக்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கட்டளையோடு ஒரு வாசகத்தைச் சேர்த்து அடிக்க வேண்டும். அதைத் தமிழில் சொன்னால் 'கணினியின் பேக்கேஜ்களை உடை'. கையால் அடிக்கும்போதே மனசாட்சி உறுத்த வேண்டும் என்று யாரோ யோசித்து வைத்த பெயர்.

சண்டைக்குத் தீர்வு தனிக்குடித்தனம்தான். இயன் பிக்கிங் 2007-ல் 'வர்ச்சுவல்என்வ்' என்ற கருவியை வெளியிட்டார். அடுத்த வருடம் பிப்பையும் அவரே எழுதினார். தனி வீடு கட்டித் தந்தவரே சாமான் ஏற்றி வரும் வண்டியையும் ஓட்டிக் கொடுத்தார் என்று வைத்துக்கொள்ளலாம். 2012-ல் வந்த பைதான் 3.3-இல் இந்த யோசனை 'வென்வ்' என்ற பெயரில் மொழியோடேயே சேர்ந்துவிட்டது. ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் நின்றுகொண்டு வென்வை அழைத்தால் ஓரிரு நொடியில் உள்ளே ஒரு புதிய ஃபோல்டர் முளைக்கும். அதுதான் தனி வீடு.

தனி வீடு என்றதும் முழுப் பைதானும் இன்னொரு பிரதியாக வந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். லினக்ஸிலும் மேக்கிலும் அதற்குள் இருக்கும் 'பைதான்' பொதுவாகப் பெரிய வீட்டுப் பைதானைக் காட்டும் ஒரு கைகாட்டி மட்டுமே. கூடவே ஒரு புதிய சைட்-பேக்கேஜஸ். அதில் பிப்பைத் தவிர அனேகமாக ஒன்றும் இருக்காது. இவை போக, சில வரிகளே கொண்ட ஒரு சின்ன எழுத்துக் கோப்பு. 'மூல வீடு இங்கே இருக்கிறது. அந்த வீட்டுப் பேக்கேஜ்களை எடுக்காதே. பதிப்பு எண் இது.' ஏறக்குறைய அவ்வளவுதான் அதில் எழுதியிருக்கும். பைதான் எழுந்ததும் தன் பக்கத்தில் அந்தக் கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் முகவரிப் பட்டியலின் கடைசி வரியை மாற்றிக்கொள்ளும்: பெரிய வீட்டுச் சைட்-பேக்கேஜஸ் போய், இந்த வீட்டுச் சைட்-பேக்கேஜஸ் வந்துவிடும். சுவர் எதுவும் எழுப்பவில்லை. தேடும் வரிசையில் ஒரு முகவரியை மாற்றி எழுதியதோடு சரி. எனக்கு இதன் எளிமை மேல் இன்றும் வியப்புதான்.

இது தெரிந்தால் பல மர்மங்கள் தாமாக அவிழும். 'ஆக்டிவேட்' என்று ஒரு சடங்கு செய்கிறோமே, அது என்ன? கட்டளைகளைத் தேட டெர்மினலிடம் இன்னொரு முகவரிப் பட்டியல் இருக்கிறது. அதன் தலையில் நம் புது வீட்டைச் சேர்ப்பது, அவ்வளவே. செய்யாமலும் இருக்கலாம், வீட்டுப் பைதானை முழு முகவரி சொல்லி அழைத்தால் அது தன் வேலையைச் சரியாகவே பார்க்கும். வீட்டைப் பெயர்த்து வேறு ஃபோல்டருக்கு மாற்றினால் ஏன் படுத்துக்கொள்கிறது? அதிலுள்ள சின்னச் சின்னக் கருவிகளின் முதல் வரியில் பழைய முகவரி முழுசாக எழுதியிருக்கிறது. பெரிய வீட்டுப் பைதானை நீக்கினால் ஏன் தனி வீடும் சேர்ந்து சாகிறது? அடுப்பு அங்கேதான் எரிகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் விவரம் தெரிந்தவர்களே இதில் குழம்புகிறார்கள். சுவர் இல்லை என்றேன். ஆகவே பூட்டும் இல்லை. 2019 டிசம்பரில் பைபிஐயில் ஒரு போலிப் பேக்கேஜ் பிடிபட்டது. 'ஜெல்லிஃபிஷ்' என்று ஒரு நல்ல பேக்கேஜ் உண்டு. அதன் ஆங்கிலப் பெயரில் ஓர் 'எல்' எழுத்துக்குப் பதிலாகப் பேரெழுத்து 'ஐ' போட்டு யாரோ ஒன்றை ஏற்றியிருந்தார்கள். திரையில் பார்த்தால் இரண்டும் ஒரே கோடு. நிறுவியவர்களின் ரகசியச் சாவிக் கோப்புகளை அது திருடியது. ஏறக்குறைய ஒரு வருடம் அங்கேயே இருந்திருக்கிறது. அதை வென்வுக்குள் நிறுவியிருந்தாலும் திருட்டு நடந்துதான் இருக்கும். தனிக்குடித்தனம் பேக்கேஜ்கள் ஒன்றோடொன்று மோதாமல் பார்த்துக்கொள்ளும். உள்ளே அழைத்த விருந்தாளி உங்கள் பீரோவைத் திறப்பதைத் தடுக்காது.

வீட்டுக்குள்ளும் பிணக்கு வரலாம். அ என்ற பேக்கேஜ், இ-யின் 2-க்குக் கீழே உள்ள பதிப்பு வேண்டும் என்கிறது. ஆ, 2 அல்லது அதற்கு மேற்பட்டது வேண்டும் என்கிறது. அப்படியானால் அ-வின் பழைய பதிப்பு ஏதாவது ஒத்துப்போகுமா? போகலாம், ஆனால் அது ஈ-யின் வேறு பதிப்பைக் கேட்கும். கல்யாணத்துக்கு நாள் பார்ப்பது போலத்தான். மாப்பிள்ளை வீட்டாருக்கு ஆடி ஆகாது, மண்டபம் ஞாயிறு மட்டும் காலி, மாமாவுக்கு அந்த ஞாயிறு விடுப்பு கிடையாது. தனித்தனியே பார்த்தால் எல்லாம் சின்ன நிபந்தனைகள். பத்துப் பேக்கேஜ், ஒவ்வொன்றுக்கும் பத்துப் பதிப்பு என்று வைத்தாலே சேர்க்கைகள் ஆயிரம் கோடி. எந்த நிபந்தனைக் கூட்டத்துக்கும் வேகமாக விடை தரும் வழி இதுவரை யாருக்கும் தெரியாது. கணினி அறிவியலில் 'என்பி-முழுமை' என்று சொல்லும் கடினமான வகையைச் சேர்ந்தது இந்தக் கணக்கு. 2020 நவம்பர் வரை பிப் இதற்காக அதிகம் மெனக்கெடவில்லை. முதலில் யார் கேட்டார்களோ அவர்களுக்குத் தந்துவிட்டு, பின்னால் வந்தவரின் நிபந்தனையைக் காதில் வாங்காமல் நகர்ந்துவிடும். 20.3 பதிப்பிலிருந்துதான் முட்டினால் பின்வாங்கி வேறு வழி தேடத் தொடங்கியது. இன்ஸ்டால் கொடுத்துவிட்டுக் காபி குடித்து வந்தும் முடியாமல், ஒரே பேக்கேஜின் பதிப்புகளை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தால், உள்ளே நாள் பார்க்கும் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

இவ்வளவு பாடுபட்டுக் கிடைத்த விடையை எழுதி வைக்காமல் விடலாமா? இங்கேதான் இரண்டு காகிதங்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மளிகைக் கடைக்குக் கொண்டுபோகும் பட்டியல் வேறு, கடையில் தரும் பில் வேறு. பட்டியலில் 'புளி அரைக் கிலோ' என்றுதான் இருக்கும். பில்லில் எந்தப் புளி, எத்தனை கிராம், என்ன விலை எல்லாம் இருக்கும். 'நம்பை வேண்டும், 2-க்குக் கீழே' என்பது பட்டியல். நிறுவி முடித்தபின் 'பிப் ஃப்ரீஸ்' என்று கேட்டால் வருவது பில். அதில் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் துல்லியமான பதிப்பு எண் இருக்கும். நண்பருடைய கணினியில் அதே வீட்டை எழுப்ப வேண்டுமானால் வென்வ் ஃபோல்டரை அனுப்பக் கூடாது, பில்லை அனுப்ப வேண்டும். பதிப்பு எண்ணைப் படிக்கும்போது கவனம்: 1.10 என்பது 1.9-ஐவிடப் புதியது. அந்தப் புள்ளி தசமப் புள்ளி அல்ல. ஒன்றாம் பாகம் பத்தாம் அத்தியாயம் என்பது போலப் படிக்க வேண்டும்.

தனிக்குடித்தனத்தின் செலவு இடம். செயற்கை நுண்ணறிவு வேலைக்கான பைடார்ச்சை வரைகலைச் சில்லுக்கான துணைகளோடு நிறுவினால் சில ஜிபி போய்விடும். பத்துப் ப்ராஜெக்ட், பத்து வீடு என்றால் அதே பேக்கேஜ் பத்துப் பிரதி. மடிக்கணினி நிறைந்துவிட்டது என்று புலம்புகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, எத்தனை பழைய வென்வ் கிடக்கிறது என்றுதான். 2024 பிப்ரவரியில் ஆஸ்ட்ரல் நிறுவனம், ரஸ்ட் மொழியில் எழுதிய 'யுவி' என்ற கருவியை வெளியிட்டது. வேகத்துக்காகத்தான் அதற்குப் பெயர் பரவியது. என்னைக் கவர்ந்தது அது இடத்தைக் கையாளும் விதம். இறக்கிய பேக்கேஜைப் பொதுக் கிடங்கு ஒன்றில் வைத்துக்கொள்கிறது. லினக்ஸிலும் விண்டோஸிலும், கிடங்கும் வீடுகளும் ஒரே வட்டுப் பகுதியில் இருந்தால், ஒவ்வொரு வீட்டிலும் பிரதி எடுக்காமல் அதே கோப்புக்கு இன்னொரு பெயர்ப்பலகை மாட்டுவதே அதன் வழக்கம். பத்து வீட்டிலும் பைடார்ச் இருக்கும், வட்டில் ஒரே பைடார்ச்தான். பிரிந்துபோன குடும்பங்கள் ஒரே நெற்குதிரில் அள்ளிக்கொள்வதைப் போல.

இப்படி வைத்துக்கொள்ளுங்கள். யுவி கொண்டு நிறுவும் ஒருவர், ஒரு ப்ராஜெக்டில் பிழை தேடும்போது பேக்கேஜின் உள்ளேயே போய் 'இங்கே வந்தேன்' என்று அச்சிடும் வரி ஒன்றைத் தற்காலிகமாகச் சேர்க்கிறார். நாம் எல்லோரும் செய்கிற வேலைதான். அவருடைய எடிட்டர் புதுக் கோப்பு எழுதாமல், ஏற்கெனவே இருக்கும் கோப்பையே திருத்தும் வகை. வேலை முடிந்ததும் அந்த வரியை மறந்துவிடுகிறார். ஒரு மாதம் கழித்து, சம்பந்தமே இல்லாத வேறொரு ப்ராஜெக்டை, வேறொரு வென்வில், ஓட்டிப் பார்க்கிறார். திரையில் முதல் வரி: 'இங்கே வந்தேன்.'